சாவி யாரிடம்? டால்ஸ்டாய் தம்பதியின் கடைசி வழியில் ஆறு நாள்

நாள் 1: மாஸ்கோ

டால்ஸ்டாய் வீட்டைவிட்டுக் கிளம்பியது 1910 அக்டோபர் 28-ஆ, நவம்பர் 10-ஆ? இரண்டும் சரிதான். ரஷ்யா 1918 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டுத் தேதியோடு 12 நாளும், 20-ஆம் நூற்றாண்டுத் தேதியோடு 13 நாளும் கூட்டினால் நம் தேதி வரும். இந்தக் கணவன் மனைவி கதையை நாவலாக எழுதக் கிளம்புகிறவர் முதலில் வழுக்குவது இங்கேதான். வீட்டுக் கடிதங்களும் நாட்குறிப்புகளும் பழைய தேதியில் இருக்கும், வெளிநாட்டுப் பத்திரிகைச் செய்திகள் புதிய தேதியில் இருக்கும். கலந்துவிட்டால் செத்தவர் எழுந்து தந்தி அடிப்பார். இந்தத் தொடரில் 1918-க்கு முந்தியதெல்லாம் பழைய தேதி. குளிரையும் வெளிச்சத்தையும் கணக்கிட மட்டும் 13-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள்.

அதே காரணத்தால் பயணத்தையும் நவம்பர் இரண்டாம் வாரத்தில் வைப்பது நல்லது. கோடையில் போனால் டால்ஸ்டாயின் பண்ணை வீடான யாஸ்னயா போல்யானா பூந்தோட்டமாகத் தெரியும். அங்கிருந்து ஒருவர் ஏன் ஓடுகிறார் என்றே பிடிபடாது. நவம்பரில் சூரியன் எட்டு மணிவாக்கில் எழுந்து ஐந்துக்குள் அடங்கிவிடும். சேறு கணுக்கால்வரை வரும். நீர் புகாத காலணியும் கைவிளக்கும் இல்லாமல் போகவேண்டாம். விளக்கு எதற்கு என்பது மூன்றாம் நாள் தெரியும்.

தொடக்கம் கிரெம்ளின். 1862 செப்டம்பர் 23 அன்று, 34 வயது லேவ் நிக்கொலாயெவிச் டால்ஸ்டாய்க்கும் 18 வயது சோஃபியா அந்திரேயெவ்னாவுக்கும் கிரெம்ளினுக்குள் இருக்கும் கன்னி மரியாள் பிறப்புத் தேவாலயத்தில் திருமணம். பெண்ணின் அப்பா பேர்ஸ் அரண்மனை மருத்துவர், குடியிருப்பே கிரெம்ளினுக்குள்தான். தேவாலயம் பெரிய அரண்மனைக்குள் அடங்கியது, சுற்றுலாச் சீட்டை வைத்துக்கொண்டு உள்ளே போக முடியாது. வெளியே நின்று பார்த்துவிட்டு நகரவேண்டியதுதான். சாமான்களையெல்லாம் கட்டிவிட்டதால் மாப்பிள்ளைக்குச் சுத்தமான சட்டை கிடைக்காமல் கல்யாணம் தாமதமானது. ‘அன்னா கரேனினா’வில் லெவினுக்கு அப்படியே வரும் காட்சி இதுதான். சொந்த வாழ்க்கையை அவரே எடுத்து எழுதிவிட்டதால், பின்னால் வரும் நாவலாசிரியருக்குச் சட்டைக் காட்சி மிச்சமில்லை.

மிச்சமிருப்பது அதற்கு முந்தைய வாரம். பெண் கேட்டது செப்டம்பர் 16, கல்யாணம் 23. நடுவில் இருந்த நாட்களில் தன் பிரம்மச்சாரி காலத்து நாட்குறிப்புகளைக் கொண்டுவந்து பெண்ணிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். சூதாட்டம், விலைமகளிர், யாஸ்னயா போல்யானா கிராமத்து அக்சின்யா என்ற குடியானவப் பெண், எல்லாம் அதில் இருந்தன. ஒளிவுமறைவு இருக்கக்கூடாது என்பது அவர் எண்ணம். படித்தவருக்கு அது ஆயுசுக்கும் ஆறவில்லை. அதே கிராமத்தில்தான் அக்சின்யாவும் அவள் பையனும் இருந்தார்கள். எஜமானி வீட்டுத் தரையைக் கழுவ வருகிறவர்களில் அவளும் ஒருத்தி.

நாவலுக்கான சரடை இங்கேயே பிடித்துவிடலாம். இந்தக் குடும்பத்தில் நடந்த ஒவ்வொரு பெரிய சண்டையின் நடுவிலும் ஒரு காகிதம் இருக்கிறது: நாட்குறிப்பு, நகல், பதிப்புரிமை, உயில், கடிதம். அதைப் படித்தது யார், ஒளித்தது யார், சாவி யாரிடம் என்று கேட்டுக்கொண்டே போனால் பாதை தவறாது. ‘மகானுக்கு வாய்த்த ராட்சசி’ என்றோ ‘ராட்சசனுக்கு வாய்த்த மகராசி’ என்றோ எழுதத் தொடங்கினால் ஐம்பதாவது பக்கத்தில் நாவல் நின்றுவிடும்.

மதியம் ஹமோவ்னிகி வீடு. பார்க் குல்தூரி மெட்ரோவில் இறங்கி நடக்கும் தூரம், திங்கட்கிழமை விடுமுறை. 1882-ல் வாங்கிய 16 அறை மரவீடு, 1901 வரை குளிர்காலங்கள் இங்கேதான். மின்விளக்கு கிடையாது. மேல்தளத்தில் கடைசியில் இருக்கும் எழுத்தறையில் நாற்காலியைக் குனிந்து பாருங்கள். கால்களை அறுத்துக் குட்டையாக்கியிருக்கிறார்கள். அவருக்குக் கிட்டப்பார்வை, கண்ணாடி போடப் பிடிக்காது. அதனால் முகத்தைக் காகிதத்துக்கு இறக்கினார். அந்தக் கையெழுத்தை ராத்திரி உட்கார்ந்து பிரித்துப் படித்து நகலெடுத்தவர் சோஃபியா. ‘போரும் அமைதியும்’ முழுவதையும் ஏழு முறை எழுதினார் என்று சொல்வார்கள். அந்த எண்ணை அப்படியே நாவலில் வைக்காதீர்கள். திருத்தத் திருத்த எழுதிய பகுதிகள் பல, ஒரேயடியாக முழு நாவலை ஏழு தடவை அல்ல.

கீழே குழந்தைகள் அறை. 13 பிள்ளைகளில் கடைசியான வானெச்கா 1895 பிப்ரவரியில் செங்காய்ச்சலில் போனான், ஏழு வயதுகூட முடியவில்லை. இருவரையும் கட்டிவைத்திருந்த கடைசி முடிச்சு அவன். அதன் பிறகு சோஃபியா இசையமைப்பாளர் தனேயெவின் பியானோவில் போய் ஆறுதல் தேடியதும், கணவர் பொறாமையில் வெந்ததும் இந்த அறைக்கு வெளியே வைத்துப் பார்த்தால் மலிவான கிசுகிசு ஆகிவிடும்.

பதிப்பகத்தை நடத்தியவரும் சோஃபியாதான். 1885-ல் தொழில் கற்றுக்கொள்ள தஸ்தயேவ்ஸ்கியின் விதவை அன்னாவிடம் போய் ஆலோசனை கேட்டார். பிழை திருத்துவது, காகிதம் வாங்குவது, அச்சகக் கணக்கு, தணிக்கையோடு மல்லுக்கட்டுவது எல்லாம் அவர் தலையில். 1891-ல் தொகுப்பின் 13-ஆம் தொகுதிக்கு அனுமதி வாங்க நேரே ஜார் மூன்றாம் அலெக்சாந்தரையே பார்த்துவிட்டு வந்தார். அந்தத் தொகுதியில் இருந்த கதை ‘க்ரொய்ட்சர் சொனாட்டா’, கல்யாணம் என்ற ஏற்பாட்டையே கிழித்துப்போடும் கதை. ஊரெல்லாம் அது தன் வீட்டுக் கதை என்று பேசும்போது, அதை வெளியிட அலைந்தவர் மனைவி. இதைவிட நல்ல அத்தியாயம் எந்த நாவலாசிரியருக்கும் கற்பனையில் கிடைக்காது.

அதே ஆண்டு செப்டம்பரில் 1881-க்குப் பிந்தைய எழுத்துக்கெல்லாம் பதிப்புரிமை வேண்டாம் என்று கணவர் பத்திரிகையில் அறிவித்தார். முந்தைய நூல்களின் வருமானம் மனைவியிடம் நின்றது. 1892-ல் சொத்தையும் மனைவி மக்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார். தன் பெயரில் ஒன்றுமில்லை, ஆனால் அதே வீட்டில், அதே மேசையில், வெள்ளைக் கையுறை போட்ட வேலையாள் பரிமாறச் சாப்பாடு. அவமானம் அவருக்கு, கணக்குப் புத்தகம் இவருக்கு.

நாள் 2: துலா வழியாக யாஸ்னயா போல்யானா

குர்ஸ்க் ரயில் நிலையத்திலிருந்து துலா சுமார் 195 கிலோமீட்டர்; விரைவு ரயிலில் இரண்டு இரண்டரை மணி நேரம். துலாவிலிருந்து ஷ்ச்சோகினோ போகும் பேருந்தில் ஏறி யாஸ்னயா போல்யானா திருப்பத்தில் இறங்கி நடக்கலாம். துலா தேன்ரொட்டியை இங்கேயே வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், இனி வரும் இடங்களில் சாப்பாட்டுக் கடை அரிது.

புதுமணத் தம்பதி இதே தூரத்தைப் படுக்கை வசதியுள்ள பெரிய குதிரை வண்டியில் கடந்தார்கள். முதல் இரவு பிர்யுல்யோவோ வழித்தங்கலில். மறுநாள் மாலை இங்கே வந்து இறங்கியபோது சித்தி தத்யானா திருவுருவப் படத்தோடும், அண்ணன் செர்கேய் ரொட்டியும் உப்புமாகவும் நின்றார்கள். பிர்ச் மரச் சாலையில் உள்ளே நடக்கும்போது இடதும் வலதும் பார்த்துக்கொண்டே போங்கள். அவர் பிறந்த பெரிய வீடு இப்போது இல்லை. 1854-ல் விற்றுப் பெயர்த்தெடுத்துப் போய்விட்டார்கள், சூதாட்டப் பணத்துக்கு ஈடு. நாம் பார்ப்பது அதன் பக்கக் கட்டடங்களில் ஒன்று.

வீட்டுக்குள் வழிகாட்டியோடு குழுவாகத்தான் விடுவார்கள், இங்கேயும் திங்கள் விடுமுறை. பொருள்கள் 1910-ல் இருந்தபடி. 1941-ல் ஜெர்மானியர் ஒன்றரை மாதம் பிடித்து வைத்திருந்தபோதும் முக்கியமானவை முன்கூட்டியே சைபீரியாவின் தோம்ஸ்குக்குப் போய்விட்டிருந்தன. வழிகாட்டி சுமார் 22,000 புத்தகங்களைக் காட்டுவார், பிறந்த தோல் சோபாவைக் காட்டுவார். அதையெல்லாம் பார்த்துக்கொண்டே காலால் அளக்கவேண்டியது வேறு: எழுத்தறை, அதை ஒட்டிய அவர் படுக்கையறை, சோஃபியாவின் அறை, நடுவில் உள்ள கதவுகள். குறிப்பேட்டில் ஒரு தரைப்படம் வரைந்து, ஒவ்வொரு கதவும் எந்தப் பக்கம் திறக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 1910 கோடையின் மொத்த நாடகமும் இந்தக் கதவுகளில் நடந்தது.

வீட்டைவிட்டுக் கிளம்பிய அந்த இரவை டால்ஸ்டாயே அக்டோபர் 28 தேதியிட்டு எழுதி வைத்திருக்கிறார். பதினொன்றரைக்குப் படுத்தார். இரண்டு மணி தாண்டி விழித்தபோது கதவுச் சத்தம், காலடி. இடுக்கு வழியாக எழுத்தறையில் வெளிச்சம், காகிதச் சரசரப்பு. கதவுகளைத் தாழிடக் கூடாது என்று முந்தின நாள்தான் மனைவி கேட்டிருந்தார், மனைவி அறையின் இரண்டு கதவுகளும் திறந்தே கிடந்தன. காலடி திரும்பிப் போனது. தூக்கம் வரவில்லை, ஒரு மணி நேரம் புரண்டார், மெழுகுவர்த்தி ஏற்றி உட்கார்ந்தார். கதவு திறந்தது. உடம்பு எப்படி இருக்கிறது, ஏன் வெளிச்சம் என்று சோஃபியா கேட்டார். அவர் போனதும் இவருக்கு மூச்சு முட்டியது. நாடியைப் பிடித்து எண்ணினார்: 97.

82 வயதுக் கிழவர், வாழ்நாளின் மிகப் பெரிய முடிவை எடுக்கும் நிமிடத்தில், நாடி எண்ணிக் குறித்து வைக்கிறார். நாவலாசிரியர் இதை மாற்றவே கூடாது.

மாற்ற வேண்டியது வேறொன்று. மனைவி எதைத் தேடினார் என்பதற்குச் சாட்சி இல்லை. படுக்கையில் இருந்தபடி காதால் கேட்டவரின் ஊகம்தான் இருக்கிறது. எழுதும்போது பலர் இந்தக் காட்சியை எழுத்தறைக்குள்ளிருந்து எழுதிவிடுகிறார்கள்: இழுப்பறையைத் திறந்தாள், உயிலைத் தேடினாள் என்று. அங்கே ஆள் இல்லை. கதையைப் படுக்கையறையில் வைத்தால் இடுக்கு வெளிச்சமும் சரசரப்பும் மட்டும்தான் கிடைக்கும், அதுவே போதும்.

இந்த வீட்டில் நாட்குறிப்பு எழுதாத ஆளைத் தேடவேண்டியிருக்கும். கணவர், மனைவி, செயலர் புல்காகோவ், மருத்துவர் மகோவித்ஸ்கி, தட்டச்சு செய்த ஃபியோக்ரீத்தவா, பியானோ வாசிக்க வரும் கோல்தென்வைசர் எல்லாரும் எழுதினார்கள். மகோவித்ஸ்கி சட்டைப்பைக்குள் கைவிட்டபடியே சின்ன அட்டையில் பென்சிலால் கிறுக்குவார், பேசுகிறவருக்கே தெரியாது. எழுதுகிறவர் இந்தக் குவியலில் மூழ்காமல் இருக்க ஒரு வழி உண்டு. ஒரு நாளுக்கு ஒரு தாள் எடுத்து, ஆளுக்கு ஒரு பத்தி கோடு போட்டு, ஒவ்வொரு சம்பவத்துக்கும் எதிரே ‘பார்த்தார்’, ‘கேட்டார்’, ‘பிறர் சொல்லித் தெரிந்தார்’ என்று மூன்றில் ஒன்றைக் குறியுங்கள். மூன்றாவது வகை எத்தனை என்று எண்ணினாலே திகைப்பாக இருக்கும். அதோடு, எழுதியவர்களில் பெரும்பாலோர் கணவர் பக்கம். சோஃபியாவின் பத்தியில் அவர் ஒருத்தர்தான்.

ஜூலையில் மாஸ்கோவிலிருந்து வந்த நரம்பியல் மருத்துவர் ரொஸ்ஸோலிமோ சோஃபியாவைப் பார்த்துவிட்டு மனநோய்ப் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனதும் இந்தப் பக்கச்சாய்வுள்ள வீட்டில்தான். அதை இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளும் நாவல்கள் வேலையைச் சுலபமாக்கிக்கொள்கின்றன. 65 வயது, நாலு வருஷத்துக்கு முன் இதே வீட்டில் வயிற்றில் பெரிய அறுவைச் சிகிச்சை, 48 வருடம் தான் படித்து நகலெடுத்த நாட்குறிப்பு கைமாறி அக்கம்பக்கத்துச் சீடர் செர்த்கோவிடம் போயிருந்தது. தூக்கம் கெட இது போதாதா?

நம்மூர்க்காரர் கண்ணில் படவேண்டிய ஒன்று இந்த எழுத்தறையில் உண்டு. 1908-ல் தாரக்நாத் தாஸுக்குப் பதிலாக எழுதிய, பின்னர் காந்தி குஜராத்தியில் பெயர்த்த ‘ஓர் இந்துவுக்குக் கடிதம்’ இங்கே உருவானதுதான். அதில் ‘இன்னா செய்யாமை’ அதிகாரத்துக் குறள்களை எடுத்தாண்டிருக்கிறார். ‘இன்னாசெய் தாரை ஒறுத்தல்’ உட்பட. அடுத்த அறையில் இருப்பவருக்கு நாண நன்னயம் செய்வது, தூரத்து வெள்ளைக்காரனுக்குச் செய்வதைவிடக் கஷ்டம் போலிருக்கிறது.

நாள் 3: குளம், காடு, லாயம்

இன்று வீட்டுக்கு வெளியே. முதலில் செர்த்கோவ் விவகாரம்.

விளாதிமிர் செர்த்கோவ் 1854-ல் பிறந்த பிரபு, காவல்படை அதிகாரி, பிறகு டால்ஸ்டாயின் தலைமைச் சீடர். 1897-ல் நாடு கடத்தப்பட்டு, இங்கிலாந்திலிருந்து 1908-ல் திரும்பி, சில கிலோமீட்டர் தள்ளியுள்ள தெல்யாத்தின்கியில் வீடு கட்டிக்கொண்டார். 1900-லிருந்து எழுதிய நாட்குறிப்புகள் அவர் கையில். சோஃபியா திருப்பிக் கேட்டு அழுது, மிரட்டி, 1910 ஜூலை 14-ல் மகள் சாஷா வழியாக அவை வந்தன. அனுப்புவதற்கு முன் செர்த்கோவ் வீட்டில் ஆளாளுக்கு உட்கார்ந்து, சோஃபியாவைப் பற்றிக் கசப்பாக எழுதியிருந்த இடங்களையெல்லாம் அவசரமாக நகலெடுத்தார்கள். வந்த குறிப்பேடுகள் யாருக்கும் இல்லை என்று துலா அரசு வங்கிப் பெட்டகத்துக்குப் போயின.

உயில் இன்னும் மோசம். 1909 செப்டம்பரில் க்ரேக்ஷினோவில் எழுதிய முதல் உயில், எழுத்தெல்லாம் எல்லாருக்கும் பொது என்றது. வழக்கறிஞர் முராவியோவ் பார்த்துவிட்டு இது செல்லாது என்றார். ரஷ்யச் சட்டப்படி சொத்தைக் குறிப்பிட்ட ஆள் பெயரில்தான் எழுத முடியும், ‘எல்லாருக்கும்’ என்ற வாரிசு கிடையாது. அதனால் நவம்பரில் மகள் சாஷா பெயரில் மறு உயில். 1910 ஜூலை 17-ல் இன்னொன்று. அதில் சுயநினைவோடு எழுதுகிறேன் என்ற சட்ட வாசகம் விடுபட்டுவிட்டதால் 22-ல் மறுபடியும். வீட்டில் எழுதினால் மனைவி கண்ணில் படும். குதிரையில் கிளம்பி, க்ருமோந்த் கிராமத்துக்குப் பக்கத்துக் காட்டில் மரத்தின் அடிக்கட்டையில் உட்கார்ந்து தன் கையால் முழுவதையும் எழுதினார். சாட்சிகள் மூவர் நின்று கையெழுத்திட்டார்கள்.

தனிச்சொத்தே பாவம் என்று எழுதியவர், பதிப்புரிமைச் சொத்தைச் சட்டப்படி கைமாற்றக் காட்டுக்குள் ஒளிய வேண்டியிருந்தது. காட்சியை எழுதும்போது தாள் எத்தனை, பேனா யாருடையது, எழுதும்போது குதிரையைப் பிடித்துக்கொண்டது யார் என்று சின்னச் சின்னதாகப் போனால்தான் அதன் கூச்சம் எழும். வசனம் வேண்டாம்.

ஒரு வாரம் கழித்து ஜூலை 29-ல் ‘எனக்கு மட்டுமான நாட்குறிப்பு’ என்று ரகசியக் குறிப்பேடு ஒன்றைத் தொடங்கினார். அதைப் பூட்ஸுக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு நடந்தார். சோஃபியா அதையும் கண்டுபிடித்தார். கல்யாணத்துக்கு முன் தானாக நீட்டியவர், 48 வருஷம் கழித்துக் காலணிக்குள் வைத்து நடக்கிறார். 1910 செப்டம்பரில் 48-வது மணநாளையொட்டி எடுத்த படத்தில் மனைவி அவர் கையைக் கோத்துப் பிடித்து அவர் முகத்தையே பார்க்கிறார். அவர் கேமராவைப் பார்க்கிறார். சோஃபியா நல்ல புகைப்படக்காரர், ஆயிரம் படம்போல எடுத்தவர். படத்தில் என்ன தெரியும் என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

கைவிளக்கு இப்போது வெளியே வரட்டும். வீட்டிலிருந்து லாயம் வரை போகும் பாதையை இருட்டியபின் ஒருமுறை நடந்து பாருங்கள், தோட்டம் மூடுவதற்குள். அன்று கும்மிருட்டு. மருத்துவரையும் சாஷாவையும் எழுப்பி மூட்டை கட்டச் சொல்லிவிட்டு இவர் வண்டி பூட்டச் சொல்லப் போனார். பாதை தவறிப் புதருக்குள் போய், முள் கிழித்து, மரத்தில் மோதி விழுந்து, தொப்பியைத் தொலைத்தார். தேடியும் கிடைக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பி வேறு தொப்பியும் விளக்கும் எடுத்துக்கொண்டு மறுபடி கிளம்பினார். பிறந்து வளர்ந்த தோட்டம், 82 வருடம் நடந்த மண். வண்டிக்கு முன்னால் தீவட்டியோடு ஒரு பையன் குதிரையில் போனான்.

காலை பதினொன்று மணிவாக்கில்தான் சோஃபியா எழுந்தார். விஷயம் தெரிந்ததும் கணவர் விட்டுப்போன கடிதத்தின் முதல் வரிகளோடு நிறுத்திவிட்டு நடுக் குளத்துக்கு ஓடினார். சாஷாவும் புல்காகோவும் இழுத்துப்போட்டார்கள். குளத்தங்கரைப் பலகை வழுக்கும், பார்த்து.

நாள் 4: ஷ்ச்சோகினோ, கொசேல்ஸ்க், ஒப்தினா

பக்கத்து நிலையம் கொஸ்லோவா சசேகா. அங்கே போகாமல் தெற்கே ஷ்ச்சோகினோவுக்குப் போனார்கள். ரயிலுக்கு ஒரு மணி நேரம் காத்திருக்கையில் எந்த நிமிடமும் மனைவி வந்து நிற்பாள் என்று நடுங்கியதைக் குறித்திருக்கிறார். கோர்பாச்சோவோவில் மாறி, கொசேல்ஸ்க் வரை சரக்கும் ஆளும் சேர்ந்த ரயிலில் நெரிசலான மூன்றாம் வகுப்புப் பெட்டி. புகையிலைப் புகை தாங்காமல் நவம்பர் குளிரில் பெட்டியின் வெளிமேடையில் போய் நின்றார். ரயில் பயணம் ஆறு மணி நேரத்துக்கும் மேல். நிமோனியாவுக்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

இன்று கார் எடுப்பதே எளிது. வழியில் பெல்யோவ் வரும். அங்கே ஆப்பிள் கூழை அடித்து உலர்த்திச் செய்யும் பஸ்தீலாவை விடாதீர்கள், பயணத்தில் கெடாது.

ஒப்தினா மடத்தில் விருந்தினர் விடுதியில் ஓர் இரவு தங்கினார். மறுநாள் மூத்த துறவிகள் வாழும் பகுதியின் வாசல்வரை நடந்தார், உள்ளே போகவில்லை. 1901-ல் திருச்சபை விலக்கி வைத்தவர் தானாகக் கதவைத் தட்டவும் முடியாது, கூப்பிடாமல் போகவும் மனமில்லை. ‘மனம் திரும்பினார்’ என்றும் ‘திரும்பவே இல்லை’ என்றும் இரு தரப்பும் இந்த வாசலை இழுத்துக்கொண்டிருக்கின்றன. நாவலுக்கு அவர் வாசலில் நின்றது போதும்.

அங்கிருந்து ஷமோர்தினோ கன்னியர் மடம், தங்கை மரியா துறவியாக இருந்த இடம். நிம்மதியாக இருந்து, கிராமத்தில் குடிசையொன்றை வாடகைக்கும் பேசினார். 30-ஆம் தேதி சாஷா வந்து அம்மாவின் நிலையையும் துரத்தி வரும் வாய்ப்பையும் சொன்னதும் அந்த நிம்மதி போயிற்று. மனைவிக்குத் திரும்பி வருவது முடியாது என்று எழுதிவிட்டு 31 விடியற்காலையில் மறுபடி ஓட்டம். நோவோசெர்காஸ்க் போவது, பிறகு காக்கசஸ் அல்லது பல்கேரியா, திட்டம் அவ்வளவுதான்.

இதற்கெல்லாம் 13 வருஷம் முன்பே, 1897 ஜூலை 8-ல் மனைவிக்கு ஒரு பிரிவுக் கடிதம் எழுதியிருந்தார். இந்துக்கள் அறுபதை நெருங்கும்போது காட்டுக்குப் போவதைப் போலத் தானும் போக விரும்புவதாக அதில் இருந்தது. அதைக் கொடுக்காமல் எழுத்தறை நாற்காலியின் உறைக்கு அடியில் செருகி வைத்தார். வானப்பிரஸ்தத்தில் மனைவியும் கூடப் போகலாம் என்பது அவருக்கு யாரும் சொல்லவில்லை போல.

நாள் 5: அஸ்தாபவோ

கொசேல்ஸ்கிலிருந்து கிழக்கே முந்நூறு கிலோமீட்டர் அளவு, பெரும்பாலும் வெட்டவெளி. இன்று ஊர் பெயரே லேவ் டால்ஸ்டாய், லீப்பெத்ஸ்க் மாகாணம். ஓட்டல் வசதி குறைவு. முன்னாலேயே பேசி வைக்காமல் ராத்திரியில் போய் இறங்காதீர்கள்.

31-ஆம் தேதி மாலை 6:35-க்கு ஜுரத்தோடு இறக்கினார்கள். நிலைய அதிகாரி இவான் ஓசொலின் என்ற லாத்வியர், தன் வீட்டை விட்டுக்கொடுத்தார். தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே அந்தச் சிவப்பு வீடு. அறைக்குள் நின்றால் வண்டிகள் போகும் அதிர்வு காலில் தெரியும். கட்டில் சின்னது, தாழ்வானது. ஜன்னலுக்கும் தலைமாட்டுக்கும் உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள்.

யார் எப்போது உள்ளே போனார் என்பதுதான் இங்கே கதை. செர்த்கோவ் நவம்பர் 2 காலை வந்தார், நேரே கட்டிலருகே போனார். சோஃபியா துலாவில் தனி ரயில் வாடகைக்குப் பிடித்து அன்று நள்ளிரவு வந்தார். பெட்டியைக் கிளைத் தண்டவாளத்தில் நிறுத்தினார்கள். அதிர்ச்சி தாங்கமாட்டார் என்பது மருத்துவர்கள் வாதம், பிள்ளைகளும் ஒத்துக்கொண்டார்கள். மனைவி வந்திருப்பதையே அவருக்குச் சொல்லவில்லை. சோஃபியா தன் கையால் தைத்த சின்னத் தலையணை ஒன்று உள்ளே போனது. இது எப்படி வந்தது என்று அவர் கேட்டார். மகள் தத்யானா கொண்டுவந்தாள் என்று மகோவித்ஸ்கி பதில் சொன்னார். தத்யானாவைக் கூப்பிட்டு அம்மாவைப் பற்றி விசாரித்தார், மகளுக்குப் பொய்யும் சொல்ல முடியவில்லை, உண்மையும் சொல்ல முடியவில்லை. ஒரு நாவலுக்கு இந்தத் தலையணையே போதும்.

ஜன்னல் காட்சியை எல்லாரும் எழுதுகிறார்கள், படம் இருக்கிறது என்பதால். முக்காடு போட்ட கிழவி எக்கி எட்டிப் பார்க்கும் அந்தப் படத்தை எடுக்கத்தான் பாரிஸ் நிறுவனத்துக் கேமராக்காரர்கள்வரை நடைமேடையில் குவிந்திருந்தார்கள். எழுதுகிறவர் கேமராவுக்குப் பின்னால் நிற்கப்போகிறாரா, முன்னால் நிற்கப்போகிறாரா என்பதை இங்கே முடிவு செய்துகொள்ளவேண்டும். அடிக்கடி வரும் தவறு இன்னொன்று: அவர் கண் விழித்து மனைவியைப் பார்த்தார், மன்னித்தார் என்று முடிப்பது. 7-ஆம் தேதி பின்னிரவில்தான் சோஃபியாவை உள்ளே விட்டார்கள். அப்போது கணவருக்கு நினைவில்லை. காலை 6:05-க்கு உயிர் பிரிந்தது. நிலையத்துக் கடிகாரம் அந்த நேரத்திலேயே நிற்கிறது.

கடைசி நாட்குறிப்பு நவம்பர் 3. ‘செய்யவேண்டியதைச் செய், வருவது வரட்டும்’ என்ற பிரெஞ்சுப் பழமொழியைப் பாதியில் விட்டிருக்கிறார், இரண்டாம் பாதியின் முதல் எழுத்துகளோடு.

நாள் 6: மறுபடி யாஸ்னயா போல்யானா, கோச்சகி

சவப்பெட்டி சசேகா நிலையத்தில் இறங்கி, 9-ஆம் தேதி ஊர்வலமாகக் கால்நடையாக வந்தது. காட்டுக்குள் பள்ளத்தின் விளிம்பில், சின்ன வயதில் எல்லாரும் மகிழ்ச்சியாக வாழும் ரகசியம் எழுதிய பச்சைக் குச்சியை அண்ணன் நிக்கொலாய் புதைத்ததாகச் சொன்ன இடத்தில் அடக்கம். சிலுவை இல்லை, கல் இல்லை, பெயர் இல்லை. புல் முளைத்த நீள மேடு. அங்கே சத்தம் போடவேண்டாம் என்று பலகை வைத்திருக்கிறார்கள்.

உயில்படி எல்லாம் சாஷாவுக்கு வந்தது. வெளிவராத எழுத்துகளை விற்ற பணத்தில் அம்மாவிடமிருந்தும் சகோதரர்களிடமிருந்தும் நிலத்தை வாங்கிக் குடியானவர்களுக்குக் கொடுத்தார். ஆனால் காகிதச் சண்டை ஓயவில்லை. சோஃபியா பல வருஷமாகச் சேர்த்து மாஸ்கோ வரலாற்று அருங்காட்சியகத்தில் வைத்திருந்த கையெழுத்துப் பிரதிப் பெட்டிகள் யாருக்கு என்று தாயும் மகளும் முட்டிக்கொண்டார்கள். தீரும்வரை இரண்டு பேருக்கும் திறக்க அனுமதியில்லை. 1914-ல் தாய்க்கே என்று தீர்ந்தது. மறு வருஷம் அவர் பெட்டிகளை ருமியான்ச்செவ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்.

சோஃபியா 1919 நவம்பர் 4-ல் இந்த வீட்டில் இறந்தார். கல்லறை கணவர் பக்கத்தில் இல்லை. சில கிலோமீட்டர் தள்ளி, கோச்சகி தேவாலயத்து மயானத்தில், டால்ஸ்டாய் குடும்பத்தார் நடுவே. வாகனம் இல்லாவிட்டால் நடந்தே போகலாம். நெடுஞ்சாலையை ஒட்டிய பகுதியில் லாரிகள் வேகமாக வரும், ஓரமாக நடங்கள். தேவாலயத்து வேலிக்குள் நுழைந்து கேட்டால் காட்டுவார்கள். திரும்பும் துலா பேருந்து சாலையிலேயே கிடைக்கும், ஆனால் இருட்டுவதற்குள் போய் நின்றுவிடுங்கள்.